கிப்லாப் பக்கம் கால்

கற்பிட்டியில் ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலை ஒன்றைப் பெரிய ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கட்டாரில் இருக்கும் மகன் எனக்கு இங்கே மேல்மாடியில் ஓர் அறை எடுத்துத் தந்திருக்கிறான். கட்டிலில் படுத்தால் கால் கிப்லாப் பக்கம் போகிறது. தொழும் திசைக்குக் கால் நீட்ட மனம் வரவில்லை. எழுந்து கட்டிலை இழுத்துத் திருப்புகிறேன். பழைய பலகைத் தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுகிறது.

அறைகளைக் கவனிக்கும் ரமீஸ் சத்தம் கேட்டு ஓடி வருகிறார். அண்ணன் முறைக்கு என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன செஞ்சீங்க, நானா? இப்படி ஒரு கீறலுக்குத்தான் போன மாசம் ஒருத்தர வேலையால நிப்பாட்டினாங்க."

"கிப்லாப் பக்கம் கால்..."

"அதுக்குத் தலகாணிய மத்தப் பக்கம் போட்டாப் போதுமே!"

எனக்கு அது தோன்றவேயில்லை. ஹோட்டல் முகாமையாளர் படியேறி வருகிறார். ரமீஸ் அவசரமாகத் தரையில் கிடந்த பாயை இழுத்துக் கீறலை மூடுகிறார்.

"ரமீஸ், என்ன சத்தம்?"

வந்ததிலிருந்து ஒரு தேத்தண்ணி கேட்கவே கூச்சப்பட்ட நான், குனிந்து பாயை விலக்குகிறேன்.

"நான்தான் கட்டில இழுத்தன், சேர். இவர் பொறகுதான் வந்தார்."

முகாமையாளர் கீறலை விரலால் தடவிப் பார்க்கிறார்.

"ரமீஸ், நீ போய் உன் வேலையப் பாரு" என்கிறார்.

ரமீஸ் போகிறார். நான் நிற்கிறேன்.