பக்கத்துக்குள் பேசிய தங்கச்சி

அப்போது நான் கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் எது புதிதாக வந்தாலும் அதை நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தங்கச்சிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, அவருடைய அம்மா ஒட்டன்சத்திரத்தில். எல்லாரையும் போல மாப்பிள்ளை பயோடேட்டாவைக் கவரில் போட்டு அனுப்பவில்லை. இணையத்திலேயே எழுதுகிற ஒரு பக்கத்தைத் திறந்து, தன் விவரங்களைத் தட்டி, எங்களையும் அதற்குள் எழுதக் கூப்பிட்டிருந்தார். அவர் அங்கே தட்டியது இங்கே தெரிந்தது. எனக்குக் கை பரபரத்தது. கடைசி வரியில் தங்கிலீஷில், "ஒரு சின்ன வீடியோவும் இதுல சேர்த்தா நல்லாருக்கும்" என்று இருந்தது.

வீட்டில் அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் தொங்கிப்போனது. தங்கச்சிக்குப் பேச்சு திக்கும். சொன்னதையே திரும்பச் சொல்கிற திக்கல் இல்லை. சில எழுத்துகளில் வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிடும், முகமும் அசையாது, கொஞ்ச நேரம் கழித்துச் சொல் வந்து விழும். போட்டோவில் இது தெரியாது. மெள்ளச் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாடச் சொல்லி எடுத்துரு," என்றாள் என்னிடம். "சர்ச் கொயர்ல பாடுறப்ப ஒரு எடத்துலயும் நிக்க மாட்டாள்ல."

உண்மைதான். பேச்சில் நிற்கிற அதே எழுத்து பாட்டில் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்பது இன்றும் எனக்கு விளங்காத ஆச்சரியம். ஆனால் தங்கச்சி மசியவில்லை.

"பாடிக்கிட்டேவா குடும்பம் நடத்தப் போறேன்? பேசித்தான் எடுக்கணும்க்கா. தெரிஞ்சு வந்தா வரட்டும், இல்லேன்னா அவங்க சோலியப் பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்தடியில் நிறுத்தி எடுத்தேன். சாக்லேட் கடையில் பில் போடுகிறேன், அந்த வேலை எனக்குப் பிடிக்கும், மீன் குழம்பு சுமாராக வைப்பேன் என்று சொன்னாள். "கொடைக்கானல்" என்ற இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். போதும் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் வெள்ளனே சென்டரைத் திறந்து, வீடியோவைப் பக்கத்துக்குள் தள்ளப் பார்த்தேன். அது உள்ளே போகவே மாட்டேன் என்றது. போட்டோவை வாங்கிக்கொள்கிற பக்கம் வீடியோவை ஏன் வாங்காது? இரண்டும் படம்தானே? நோண்டி நோண்டிப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. வீடியோவை இணையத்தில் வேறொரு இடத்தில் ஏற்ற வேண்டும், அதிலிருந்து ஒரு காட்சியைப் போட்டோவாக எடுத்து நம் பக்கத்தில் ஒட்ட வேண்டும், அந்தப் போட்டோவைத் தொட்டால் அங்கே ஓடுகிற மாதிரி இணைப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை கரண்டு போய், ஏறியதெல்லாம் வீணாகி, மத்தியானத்துக்கு மேல்தான் வேலை முடிந்தது. தொட்டதும் தங்கச்சி பேசினாள். சென்டரில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். "அம்மாவும் ஒட்டன்சத்திரத்துல பிரவுசிங் சென்டர்ல போய் பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. நெட்டுதான் சரியில்ல போல. வீடியோ நடுநடுவுல நின்னு நின்னு வருது."

அந்தக் காலத்தில் எந்த வீடியோதான் நிற்காமல் ஓடியது? தங்கச்சியின் வாய் நின்ற இடத்தையெல்லாம் அவர்கள் நெட் நின்றதாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா காப்பாத்திட்டாங்க," என்றாள்.

தங்கச்சி மறுநாள் நேரே சென்டருக்கு வந்து, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் வரிக்குக் கீழே தட்டினாள். "நெட் நல்லாத்தான் இருக்கு. நிக்கிறது நான். சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்." தட்டும்போது அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"ஏண்டி, தானா மூடிக்கிட்டதை நீயாப் போயி தெறக்குற?" என்று அம்மா அழுதாள். எங்கள் இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். தங்கச்சியின் வரிக்குக் கீழே வெறுமைதான் இருந்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆசையெல்லாம் வடிந்து, ஒரு வரி வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பக்கத்தில் எதுவும் வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டு போன் அடித்தது, அம்மா எடுத்தாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணுகிட்ட குடுங்க," என்றார்கள். கடைக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா சொல்ல வாயெடுக்கும்போதே தங்கச்சி ரிசீவரை வாங்கிக்கொண்டாள். நான் அதன் பக்கத்தில் காதை வைத்தேன்.

"யாரும்மா, பொண்ணா பேசுறது?"

"பே" என்று ஆரம்பித்தவள் அதிலேயே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போனில் அந்தம்மா மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. சொல் வந்து விழுகிற வரைக்கும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூட "ஹலோ, ஹலோ" என்று கேட்கவில்லை.