ஏழு நாள் மருந்து

சேந்தமங்கலத்தில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அப்பாவை மலையிலிருந்து இறங்கி வரச் சொல்லி, அவர் கையில் நானே ஊசி குத்தி இரத்தம் எடுத்தேன். அவருக்கு ஏதோ நோய் என்று நினைத்து எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். படித்த படிப்பு எதற்கு உதவும் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காகிதம் வந்தது. கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம், நல்ல கொழுப்பு குறைவு. மெஷினைச் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். அதேதான்.

அப்பா ஒல்லி. எலும்பின் மேல் தோலைப் போர்த்தியது போல இருப்பார். மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் காட்டில் சவுக்கு மரத்தின் மேல் படர்ந்த மிளகை ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறிப்பவர். சாமைச் சோறும் கீரையும்தான் அவர் சாப்பாடு. இந்த உடம்பில் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். கொழுப்பு கூடினால் சாப்பாட்டைப் பார் என்று வகுப்பில் எழுதிக்கொண்டது மட்டுமே மண்டையில் இருந்தது.

எண்ணெயை நிறுத்தினேன். கடலை, தேங்காய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் இறங்கியதும் முதலில் சமையல்கட்டுக்குள் நுழைந்து எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் பார்ப்பேன்.

"தாளிக்க ஒரு சொட்டு ஊத்தறதையா சாமி கொழுப்புங்கற?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தச் சொட்டும் வேண்டாம்."

பக்கத்து வீட்டில் இருக்கும் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, வாசலில் நின்றபடியே சிரித்தார். "சாமையும் தண்ணியும் குடிக்கற மனுசனுக்குக் கொழுப்பாம். ஏங்கண்ணு, இரத்தத்தை மாத்தி உன்னோடதப் பாத்துட்டயா? நல்லாத் தேடிப் பாரு, கொழுப்பு அங்கதான் இருக்கும்."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஊர்த் திருவிழா நோம்பிக்கு வெட்டிய பன்றியில் எங்கள் வீட்டுப் பங்கு வந்தபோது, எல்லார் முன்னாலும் அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். கறியை இலையில் கொண்டுவந்தவர் அப்பா முகத்தைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பையன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா இன்னும் இளைத்திருந்தார், அது மட்டும்தான் வித்தியாசம். நான் அவரை லேபுக்கு வெளியே நிறுத்தி, "ஊட்ல திங்கலைன்னா வேற எங்க போய்த் திங்கறீங்க?" என்று கேட்டேன். திருடனைக் கேட்பது போலக் கேட்டேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

அடுத்த மிளகுப் பறிப்பில், ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தலை சுற்றல். இறக்கிப் படுக்க வைத்தார்கள். வெளிக்கிப் போவது நாலைந்து நாளாகத் தார் மாதிரிக் கறுப்பாக இருக்கிறது என்று அம்மா போனில் அழுதாள்.

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், புண்ணில் இரத்தக் கசிவு. புண்ணுக்குக் காரணம் வயிற்றுச் சுவரில் வருடக்கணக்காகக் குடியிருந்த ஒரு கிருமி. டாக்டர் அப்பாவிடம், "வயிறு எரியறது எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"எரிச்சலுங்களா? அது இவன் பொறக்கறதுக்கு முன்னாலிருந்தே இருக்குதுங்க. நாலு மிளகை மென்னு தண்ணி குடிச்சா அடங்கிக்குமுங்க."

பக்கத்தில் நின்ற எனக்கு அது அன்றுதான் தெரியும். அவர் இரத்தத்தை இரண்டு முறை எடுத்தவன் நான். என்ன தின்றீர்கள் என்று நூறு முறை கேட்டிருக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று ஒரு முறை கேட்டதில்லை.

கொழுப்புக் காகிதங்களை டாக்டரிடம் நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தக் கிருமி நெடுநாள் உள்ளே இருந்தால் உடம்பு முழுக்க அடங்காத ஓர் அழற்சி இருந்துகொண்டே இருக்கும், அதனால் உடம்பு கொழுப்பைக் கையாளும் விதமே மாறலாம், கெட்டது கூடி நல்லது குறையலாம் என்று சிலர் கண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. பரம்பரையாகவும் இருக்கலாம். "முதல்ல கிருமியை ஒழிப்போம். அப்புறம் இரத்தத்தைப் பார்ப்போம்."

பதினான்கு நாள் மருந்து. காலையும் இரவும். ஒரு வேளைகூட விடக் கூடாது. மருந்துச் சீட்டை நான்தான் வாங்கினேன், நான்தான் தலையாட்டினேன். வீட்டில் அப்பாவிடம் கொடுக்கும்போது, "காலைல இது, ராத்திரி இது" என்று மட்டும் சொன்னேன். பதினான்கு நாளும் ஏன் என்று சொல்லவில்லை. பாதியில் விட்டால் தப்பிப் பிழைக்கும் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகும் என்று சொல்லவில்லை. அவருக்குப் புரியாது என்று நினைத்தேன். அதோடு லேபில் லீவு முடிந்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

போனில் ஒரு முறை கேட்டேன். "மாத்திரை திங்கறீங்களா?"

"திங்கறேன் சாமி."

அவர் பொய் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கிருமி அப்படியே இருந்தது. கொழுப்பும் இறங்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன்.

"பதினாலு நாளும் தின்னீங்களா?"

"ஏழு நாள் தின்னேன்."

"மீதி?"

அப்பா பக்கத்து வீட்டைப் பார்த்தார். எங்கள் குடியில் அண்ணன் தம்பி பிரிந்து தனித்தனியாக உலை வைத்தாலும், வெளியிலிருந்து வருவது எதுவானாலும் இரண்டு வீட்டுக்கும் சரிபாதி. பலாப்பழம் என்றாலும் தேனடை என்றாலும் அப்படித்தான். சித்தப்பாவுக்கும் அதே எரிச்சல், அதே வயதிலிருந்து. அப்பா மாத்திரை அட்டைகளை எண்ணி, கத்தரியால் நேராக வெட்டி, ஏழு நாள் மருந்தைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார்.

"அவனும் எங்க அம்மா வயித்துலதான பொறந்தான். எனக்கு மட்டும் வச்சுத் திங்கவா?"

சத்தம் கேட்டு வந்த சித்தப்பா, "நல்ல மருந்து கண்ணு. பத்து நாளைக்கு எரிச்சலே இல்லை. இன்னங் கொஞ்சம் வாங்கியாயேன்" என்றார்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது. மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இந்த மலைக்காரங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது" என்று அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் நான் கத்தியதும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டவன் நான் என்று டாக்டரிடம் நான் சொல்லவில்லை. தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

வேறு மருந்து எழுதினார். முன்னதைவிடக் கடுமையானது. தம்பிக்கும் கொடுத்தால்தான் தின்பேன் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவையும் கூட்டிப் போய்ச் சோதித்து, அவருக்கும் அதே கிருமி என்றானதும், இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாங்கினேன். நாக்குக் கறுத்தது, வாயெல்லாம் இரும்புச் சுவை, தின்றதெல்லாம் வெளியே வந்தது. சித்தப்பா நாலாம் நாள் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, "எரிச்சலே தேவலாம்" என்றார். அப்பா பதினான்கு நாளும் தின்றார். வாந்தி எடுத்துவிட்டு வந்து அடுத்த வேளையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குப் பயந்து தின்றார்.

கிருமி போய்விட்டது. கொழுப்பும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிருமி போனதாலா என்று டாக்டரைக் கேட்டேன். "இவ்வளவு இளைச்சிருக்காரே, பட்டினியால்கூட இருக்கலாம். இப்ப யாரும் சொல்ல முடியாது" என்றார். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை என் பத்தியமே அடைத்துவிட்டது.

சோதனைக் காகிதத்தோடு மலைக்குப் போனேன். அப்பா மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, முதல் முறையாக, "இப்ப வயிறு எரியுதுங்களாப்பா?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த மிளகைக் கீழே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் முகத்தை அப்படித்தான் பார்ப்பார். பிறகு என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"காயிதத்துல என்ன சாமி போட்டிருக்குது?"

"ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதுங்கப்பா."

"அப்ப எரியல" என்றார்.