கேட்டால் கதவு அடைத்துக்கொள்ளும்

வாப்பா துபாயில் இருந்தார். அங்கிருந்து விடுப்பில் வருகிற யாராவது ஒருவரின் பெட்டியில், பால் பவுடருக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவே எனக்கு ஒரு புத்தகம் வரும். நான்கு சிநேகிதர்கள் பழுதான லிப்டில் ஏறிக் காலத்தில் முன்னும் பின்னும் போய்வருகிற படக்கதை வரிசை. கடையில் கிடைத்ததை வாப்பா வாங்கி அனுப்பியதால் மூன்றாம் பாகம் முதலில் வந்தது. முதல் பாகம் ஐந்தாவதாக வந்தது. காலப் பயணக் கதைதானே என்று நானும் அதைக் குறையாக நினைக்கவில்லை. லிப்டின் விதி மட்டும் எல்லாப் பாகத்திலும் ஒன்றுதான். ஒரு சம்பவம் நடந்துவிட்டதென்று கேள்விப்பட்டவன் அதற்கு முந்தைய நேரத்துக்குப் போக முடியாது. கதவு அடைத்துக்கொள்ளும்.

எனக்கு ஒன்பது வயது. குற்றாலத்தில் சீசன். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் உம்மாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். வெளியே சாரல், அருவிக்குப் போகிற வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. பிறந்த பிள்ளையின் காதில் முதல் சத்தமாகத் தகப்பன் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வது எங்கள் வழக்கம். வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா சொல்வதாக முடிவானது. எனக்கு அதில் சம்மதமில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்து ஆண் பிள்ளை என்றார். மாமா போனை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். துபாயில் அப்போது மணி இரண்டரை. அங்கே தம்பி இன்னும் பிறக்கவில்லை. யாரும் சொல்லாதவரை வாப்பாவின் கையில் முழுதாக ஒன்றரை மணி நேரம் இருந்தது. போனை நான்காம் பாகத்துக்குள் வைத்து மூடி, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா தேடிக்கொண்டு வந்தார். "ஏட்டி, என் போனப் பாத்தியா?"

"இல்லையே."

"மச்சான் நம்பரு அதுலதானட்டி கெடக்கு!" என்று மறுபடியும் உள்ளே ஓடினார்.

மடியில் புத்தகம் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஏழாவது தடவை எடுத்தேன்.

"வாப்பா, சீக்கிரம் கெளம்புங்க. ஒங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"மாமா எங்கம்மா? உம்மா எப்படி இருக்கா?"

"அதக் கேக்கக் கூடாது. சொல்லிட்டா ஒங்களால வர முடியாது."

"என்னம்மா சொல்லுத? உம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

மாமா படியேறி வந்து போனைப் பிடுங்கினார். "மச்சான், ரெண்டு பேரும் நல்லாருக்காவ. ஆம்பளப் புள்ள." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை.

அறைக்குள் போய்த் தம்பியின் வலது காதில் போனை வைத்தார். வாப்பா பாங்கு சொன்னார். மூன்று இடத்தில் குரல் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். உம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கன சிக்னல் இல்ல மாமா. ஜன்னல் பக்கம் வாங்க" என்றேன்.

மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு நகர்ந்தார்.