கவர்னர் பிரித்துக் கொடுத்த நாற்பது பேர்

ஏழாம் வகுப்பு வரை என்னைப் பற்றி ரீச்சர்மார் சொன்ன ஒரே நல்ல சொல், கதவை மெதுவாகச் சாத்துவான் என்பதுதான். அதுவும் வகுப்பை விட்டு வெளியே அனுப்பும்போதுதான்.

அந்த வருடம் ஸ்காபரோவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மெழுகுச்சிலைக் கண்காட்சி வைத்தார்கள். மெழுகெல்லாம் இல்லை, சிலைகள் நாங்கள்தான். சரித்திரத்தில் ஓர் ஆளாக வேடம் போட்டு அசையாமல் நிற்கவேண்டும். முன்னால் ஒட்டியிருக்கும் சிவப்பு வட்டத்தை யாராவது அமத்தினால் உயிர் வந்து அவருடைய வாழ்க்கையைச் சொல்லவேண்டும். பிடித்துப்போனால் பக்கத்துத் தாளில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். அம்மா பேக்கரியில் அரை நாள் லீவு எடுத்து வந்திருந்தார்.

"இண்டைக்காவது உன்னைப் பற்றி ஒரு நல்ல சொல்லுக் கேட்டிட்டுப் போகவேணும் தம்பி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தவர், அமெரிக்கா புதிதாய் நாடான காலத்தில் தெற்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவர். நான் முழுதாகப் படித்து முடித்த ஒரே மனிதர் அவர்தான். தகப்பன் இல்லாமல் வளர்ந்து, காணி அளப்பவர்களுக்கு அளவுச் சங்கிலி தூக்கி, போரில் தோளில் குண்டு வாங்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் சட்டம் படித்து, மூன்று முறை கவர்னரானவர். எனக்கு லைட் வெளிச்சத்திலேயே ஒன்றும் ஏறாது.

ஆனால் நான் வாயைப் பிளந்தது கடைசிப் பந்தியில். சாகுமுன் பருத்தித் தோட்டம், குதிரை, மாடுகளோடு தன்னுடைய நாற்பது வேலையாட்களையும் மூன்று மகன்மாருக்கும் உயில் எழுதிப் பிரித்துக் கொடுத்தாராம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் கனடா வந்திறங்கியபோது பெரியப்பாவும் அதைத்தானே செய்தார்! வெக்ஸ்போர்டில் ஒரு அப்பார்ட்மென்டில் பதினொரு பேர் நெருக்குப்பட, இரண்டு பேரை மில்லிக்கனுக்கும் மூன்று பேரை மார்க்கத்துக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினார். பதினொரு பேருக்கே பெரியப்பாவின் தலைமயிர் கொட்டியது. இந்த மனிதர் நாற்பது பேரைச் சாகிற நேரத்திலும் தெருவில் விடவில்லை. தெய்வம்தான் என்று நினைத்தேன்.

பஞ்சுத் தலைமயிரும் அன்ரியின் சுருக்கு வைத்த சட்டையுமாக, நனைந்த கோழிபோல நின்றேன். என் வகுப்புக் கூட்டாளியின் தகப்பன் வந்து வட்டத்தை அமத்தினார். ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பின மனிதர், பஸ் ஓட்டுபவர். ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். நாற்பது பேர் வந்த இடத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அவர் விரித்த என் கைகளைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "அந்த நாற்பது பேரின் பெயர் தெரியுமா, மகன்?"

"தெரியாது சேர். அவருடைய குதிரையின் பெயர் தெரியும்" என்றேன், நட்சத்திரம் கைவிட்டுப் போய்விடுமே என்று.

அம்மா என் காதுக்குள் குனிந்தார்.

"என்னடா கேட்டவர்?"

"நாப்பது பேரின்ர பேரும் வேணுமாம்."

"அதைப் பாடமாக்காமலே வந்து நிக்கிறாய்? உனக்கு எல்லாம் அரைகுறைதான்!"

அவர் அம்மாவைப் பார்த்து, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். அம்மாவுக்கு விளங்கிய ஆங்கிலத்தில் அதுவும் ஒன்று. முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு ஒரு நட்சத்திரத்தை உரித்தார். கவர்னரின் தாளைப் பார்த்தார். அதில் ஒட்டாமல், குனிந்து என் சட்டைக் கையில் ஒட்டிவிட்டுப் போனார்.

பாவம், மனுசனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். அவர் அங்கால் போகும்வரை மரியாதையாகக் காத்திருந்து, அதைப் பிய்த்துக் கவர்னரின் தாளில் நானே ஒட்டினேன்.