மூன்று நாள் அடைப்பு

எங்கள் வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டபோது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். காரிமங்கலத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அதைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் கோப்பையின் விளிம்புவரை ஏறி நின்றது.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். முந்தின நாள் அம்மா போட்ட கேழ்வரகுக் களியைத் தின்னப் பிடிக்காமல், யாரும் பார்க்காதபோது அதற்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

அப்பா ஆசிட் ஊற்றிப் பார்த்தார். குச்சியால் குத்திப் பார்த்தார். எதற்கும் அசையவில்லை. அம்மா தினமும் விடியும் முன்னே எழுந்து ஏரிக்கரைப் புதர்ப்பக்கம் போய்வந்தாள்; வெளிச்சம் வந்துவிட்டால் இனி இருட்டிய பிறகுதான் என்பாள். எனக்கு அது வேடிக்கைதான். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். மூன்றாம் நாள், கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது, தரையை உடைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று அப்பா கடப்பாரையை இரவல் வாங்கிவந்தபோது நான் அவர் பின்னாலேயே சுற்றினேன். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.

நல்லவேளையாக அதற்குள் மொரப்பூரிலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, கட்டட வேலை தெரிந்தவர். கடப்பாரையை அவர் தொடவே இல்லை. வீட்டுக்குப் பின்னால், தொட்டிக்குப் போகும் குழாயின் நடுவே இருந்த சிறு குழியின் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"தொட்டி நெரம்பலைங்க மச்சான். இங்க காய்ஞ்சு கெடக்குது பாருங்க. அடைப்பு வூட்டுக்குள்ளதான்."

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, நுனி வளைத்த கம்பியைக் கோப்பைக்குள் விட்டுத் துழாவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'கடகட'வென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டுத் திறந்தபோது, கம்பியில் தொங்கியது களி அல்ல. கழிப்பறை தேய்க்கும் பிரஷ்ஷின் உடைந்த தலை.

"இது எப்புடிங்க உள்ள போச்சு?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நாந்தான் தேய்ச்சேன். படக்குனு ஒடஞ்சுது. தண்ணியோட போயிருக்கும்னு விட்டுட்டேன்."

மூன்று நாளாக இறுகியிருந்த அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கோ தலைமேலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது.

சிரித்துக்கொண்டே உள்ளே போன அம்மா, டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு நின்றபடியே மடமடவென்று குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று. பிறகு மூன்றாவதும்.

"அவ்ளோ தாகமாம்மா?" என்றேன்.

"வயிறு நெறையக் குடிச்சு மூணு நாளாவுதுல்ல கண்ணு," என்றாள்.

வீட்டுக் குடங்களில் தண்ணீர் நிறைந்துதானே இருந்தது, யார் இவளைக் குடிக்கவேண்டாம் என்றார்கள் என்று யோசித்தபடியே விளையாடப் போய்விட்டேன்.