கோதண்டத்தின் கார் ஒன்றரை விநாடி பின்தங்கியது

கோதண்டம் இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டி வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். வீல் அலைன்மெண்டுக்கு விட்ட என் கார் ஒன்பது நாளாகக் காட்டுப்பாக்கத்தில் அவருடைய மெக்கானிக் ஷெட்டிலேயே கிடந்தது. 'அலட்சியம்' என்ற சொல்லை அடித்து முடிப்பதற்குள் அவருடைய தங்கை கணவர் ஏகாம்பரம் அழைத்தார். "டீச்சர், மச்சான் பூட்டாரு. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். உங்க வண்டி ஷெட்லதான் கீது, கவலப்படாதீங்கோ." எழுதியதை அழித்தேன். கருத்தை உடனே மாற்றிக்கொள்ளவில்லை.

ஷெட் நண்பர்களான நீங்கள் அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவள். என்னால் முடிந்தது சரியாக எழுதுவது.

அவருக்கும் ஏகாம்பரத்துக்கும் ஆளுக்கொரு ஹாட் ஹேட்ச் இருந்தது. குடும்பக் காரின் உடம்பில் பந்தயக் காரின் கோபத்தை அடைத்த வண்டி. ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் பொது ஆட்களை ஓட்டவிடும் நாட்களில் இருவரும் போவார்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று வந்து சண்டையிடுவார்கள். நான் அந்தச் சண்டையை முதன்முதலில் கேட்டது ஆயில் மாற்றக் காத்திருந்த ஒரு காலையில்.

"உன் டைம எடுத்தது யாரு? உன் பொண்டாட்டி!"

"அவ உன் தங்கச்சிதான மச்சான்!"

"கல்யாணத்துக்கு அப்புறம் கட்சி மாறிட்டா."

நடுநிலையான ஒரு கை வேண்டும் என்றேன். அன்றே ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தது. அறுபத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த கடைசி அரசுப்பணி போன்ற ஒன்று, ஓய்வூதியம் கிடையாது.

கோதண்டத்தின் கொள்கை எளிமையானது. இந்தக் கார்களில் எஞ்சின் முன்சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது, திரும்புவதும் அவையே. "முன்னாடி ரெண்டுதான் டீச்சர் உழைக்குது. பின்னாடி ரெண்டும் சும்மா கூட வருது, நம்ம ஊட்டு மாப்ள மாதிரி" என்பார், ஏகாம்பரம் காதில் விழும்படி. ஏகாம்பரமோ சாய்வையும் காற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி பின்சக்கரங்களின் அடியில்தான் ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடப்பார். "மாப்ள அங்க தூங்குறாரு" என்று தேநீர் அனுப்பிவைப்பார் கோதண்டம்.

போன ஆண்டு நான் ஒரு நிபந்தனை போட்டேன். அவரவர் தம் காரை மட்டும் ஓட்டினால், வேகம் காரினுடையதா ஆளினுடையதா என்று பிரிக்க முடியாது. ஒரே நாள், ஒரே வகை டயர், இருவரும் இரண்டு காரையும் ஓட்ட வேண்டும். "டீச்சர் இன்னா சொல்றாங்கோ?" என்றார் ஏகாம்பரம். "நீ தோத்துட்டா சாக்கு சொல்ல முடியாதுன்றாங்கோ" என்று மொழிபெயர்த்தார் கோதண்டம்.

முடிவு தெளிவாக இருந்தது. எந்தக் காரில் ஏறினாலும் கோதண்டமே ஏகாம்பரத்தை முந்தினார். ஆனால் யார் ஓட்டினாலும் ஏகாம்பரத்தின் கார் கோதண்டத்தின் காரைவிட ஒன்றரை விநாடி முன்னால் வந்தது. ஓட்டுநராக ஜெயித்தது கோதண்டத்துக்கு ஆறுதலாக இல்லை. அவர் மெக்கானிக், அந்தக் காரில் அவர் கைபடாத ஆணி ஒன்றில்லை.

மறுநாள் காலை நூம்பலில் என் ஃபிளாட்டுக்கு வந்து, நான் நேரங்களைக் குறித்திருந்த தாளைப் பார்த்தார். இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "டீச்சர், நான் கீற வரைக்கும் வெளிய சொல்லாதீங்கோ. அவன் சிரிப்ப என்னால பாக்க முடியாது. போன பின்னாடி எங்க வேணா எழுதிக்கோங்கோ."

சம்மதித்தேன். ஏகாம்பரத்திடம் 'தரவு போதவில்லை' என்றேன். என் துறையில் நான் சொன்ன ஒரே பொய் அது. கோதண்டம் என்னைவிடப் பத்து வயது இளையவர். நியாயப்படி நான்தான் முதலில் போயிருக்க வேண்டும், தாளும் என்னோடு போயிருக்கும். அவரும் அதை எண்ணித்தான் கேட்டார் என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் ஏகாம்பரத்திடம் உண்மையைச் சொல்ல ஷெட்டுக்குப் போனேன். முதலில் என் காரை எடுத்துத் தரச் சொன்னேன். அவரே ஓட்டினார், நான் பக்கத்தில். வேலப்பன்சாவடித் திருப்பத்தில் என் கார் வழக்கமாக முனகிக்கொண்டு வெளிப்பக்கம் ஒதுங்கும். அன்று ஒதுங்கவில்லை. ஏகாம்பரம் ஓரங்கட்டினார். இறங்கிப் பின்சக்கரங்களைத் தடவிப் பார்த்தார். குனிந்தார்.

"டீச்சர், இது என் செட்டிங்கு. பின் சக்கரத்து சாய்வு, காத்து, ரெண்டும்."

டிக்கியைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் கறுப்பு மார்க்கரில் கோதண்டத்தின் கோணல் எழுத்து: 'காத்து முன்னாடி 32. பின்னாடி மாப்ள அளவு.'

தாளைப் பற்றி அங்கேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதான் ஃப்ரீயா ஆயில் பாக்கறேன்னு என் வண்டிக்கு அடியில ஒரு மணி நேரம் கெடந்தாரு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, டீச்சர்?"

"சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள்."

"சிரிச்சிருப்பேன்" என்றார், கண்ணை ஷெட் துணியால் துடைத்துக்கொண்டு. அந்தத் துணியில் கிரீஸ் இருந்தது. நெடுநேரம் கண் எரிந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆக, நண்பர்களே, முடிவு இது: ஏகாம்பரத்தின் கார், ஒன்றரை விநாடி. கோதண்டத்தின் அனுமதியோடு வெளியிடுகிறேன். 'அலட்சியம்' என்ற சொல்லையும் திரும்பப் பெறுகிறேன். அந்த ஒன்பது நாளும் அவர் தோற்ற பாடத்தை என் காரில் எழுதிப் பார்த்திருக்கிறார்.

அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த டிக்கி மூடியை. கார் கழுவுகிறவரிடம் எழுத்தைத் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அளவு எத்தனை என்று அதில் இல்லை. அது ஏகாம்பரத்துக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை அவரிடம் போய்த்தான் காற்று பிடிக்கிறேன். எத்தனை என்று இதுவரை நான் கேட்கவில்லை.