பன்னிரண்டு வரிகளில் நான்கு

ஈரமான கம்பளிக் கோட்டொன்று ஹீட்டரின் மேல் காயும்போது எழும் வாசனை, மழையும் ஆட்டு மயிரும் ரயில் பெட்டியின் பழைய சிகரெட் புகையும் கலந்த அந்தக் கனத்த வாசனை, எனக்கு இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே முக்கால் மணியையே நினைவூட்டுகிறது. 1995ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த நேரத்துக்கு ரூத் என்ற இளம்பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, கோட்டை ஹீட்டரின் மேல் விரித்துவிட்டு, எங்கள் ‘குசினி’ எனும் சமையலறையின் மேசையில், சாமிப் படங்கள் இருந்த தட்டுக்கு முதுகு காட்டியபடி உட்காருவாள். அவள் கோப்பன்ஹேகனிலிருந்து வருபவள். அப்போது கடலுக்கு மேல் பாலம் திறக்கப்படவில்லை. ரயிலையே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்குவார்கள். எஸ்பியர்க்கில் இறங்கிய பிறகு எங்கள் சிறு நகரத்துக்கு நாற்பது நிமிடம் பஸ். எல்லாமாக ஐந்தரை மணித்தியாலம். திரும்பிப் போகவும் அவ்வளவே. நடுவில் எங்கள் வீட்டில் அவள் இருப்பது இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும். இவ்வளவும் ஒரேயொரு பிள்ளைக்காக.

அந்தப் பிள்ளை ப்ளாங்கா. சரயேவோவில் சண்டை தொடங்கியபோது தாயோடு பஸ்ஸில் ஏறி வந்தவள். தகப்பன், படுக்கையில் கிடந்த தன் தாயைவிட்டு வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். ஊருக்கு வெளியே பழைய இராணுவக் கட்டடமொன்றில் இருந்த அகதிகள் ‘காம்ப்’பில் அவளும் தாயும் வேறு நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார்கள். அவர்கள் யூதர்கள். எங்கள் நகரத்தில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்தவரை அந்தக் கரைப்பக்கம் முழுவதிலும் வேறு யூதக் குடும்பம் இருக்கவில்லை. இப்படித் தனித்துப்போன பிள்ளைகள் எழுத்தும் வழிபாடும் தெரியாமல் வளர்ந்துவிடக்கூடாது என்று கோப்பன்ஹேகனில் இருந்த அவர்களுடைய சபையார், ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த சிலரை மாதத்துக்கு ஒரு முறை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் ரூத்துக்கு வந்தது.

ப்ளாங்கா என் வகுப்பில், என் மேசையில் இருந்தாள். எனக்குப் பதினொரு வயது. அவள் என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். காம்ப்பில் சத்தமில்லாத மூலை ஒன்றுகூட இல்லை, முதல் பாடம் மாடிப்படியில் நடந்தது என்று அவள் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் நான்கு பிள்ளைகளுக்குக் குசினி மேசையில் வைத்துத் தமிழ் படிப்பித்தார். அப்பா கொஞ்சம் தயங்கினார். “ஆரோ எவரோ, என்ன சமயமோ தெரியாது” என்றார். அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “ஒரு பிள்ளைக்காக விடியக் காத்தாலை எழும்பி வாற மனுசிக்கு ஒரு மேசை குடுக்கேலாதோ? சனிக்கிழமை எங்கட, ஞாயிற்றுக்கிழமை அவையின்ரை. மேசைக்கென்ன, நோகுமே?”

முதல் நாளே ஒரு சங்கடம் வந்தது. அம்மா வடை சுட்டு வைத்திருந்தார். ரூத் முகம் சிவந்து, தான் பிறர் சமையலறையில் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை, உரிக்காத பழம் என்றால் சாப்பிடுவேன், கடுதாசிக் கோப்பையில் கறுப்புக் கோப்பி குடிப்பேன் என்று என்னிடம் டெனிஷில் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது, பிறகு வெளிச்சமாயிற்று. “அட, அப்பிடியே! எங்கட அம்மா கந்தசட்டி விரதத்துக்கு வேற வீட்டில பச்சைத்தண்ணியும் வாயில வைக்கமாட்டா. நல்ல ஒழுக்கமான பிள்ளை.” அதிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிற்றுக்கிழமைக்கும் முதல்நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்துவிடும். அப்பா அவளுக்கு ‘வாழைப்பழ டீச்சர்’ என்று பெயர் வைத்தார். “இஞ்சை, உம்மட வாழைப்பழ டீச்சர் பஸ்ஸால இறங்கீட்டா, பழத்தை எடும்” என்று யன்னலிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட ப்ளாங்கா, ரூத்தின் முன்னாலேயே அதைத் தமிழில் சொல்லிக் காட்ட, மூன்று பேரும் சிரித்திருக்கிறோம்.

பாடத்துக்கு ஓர் இலக்கு இருந்தது. தகப்பன் பஸ் நிலையத்தில் ப்ளாங்காவின் கையில் கொடுத்துவிட்ட பழைய வழிபாட்டுப் புத்தகம் ஒன்று, மண்ணிறத் தோல் அட்டை போட்டது. அதில் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரிகள். அவர்கள் வீட்டில், பன்னிரண்டு வயதை எட்டும் பிள்ளை அந்தப் பக்கத்தைத் தகப்பனுக்கு முன்னால் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். தகப்பன் தன் தகப்பனுக்கு வாசித்துக் காட்டியவர். ப்ளாங்காவுக்கு டிசம்பரில் பன்னிரண்டு வயது. அதற்குள் சண்டை முடியுமோ, அப்பா வருவாரோ தெரியாது. தொலைபேசியிலாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்பதே அவள் நினைப்பு. எபிரேய எழுத்துகளைப் பிடிக்கவே ஓகஸ்ட்வரை ஆயிற்று. செப்டெம்பரில் முதல் நான்கு வரிகள். ஒக்டோபரில் நான்கு, நவம்பரில் நான்கு, சரியாகப் போதும் என்று ரூத் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். காம்ப் அலுமாரிக்குப் பூட்டு இல்லாததால் புத்தகம் ஒரு தலையணை உறையில் சுற்றி எங்கள் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது.

டென்மார்க்கில் நவராத்திரியை நாங்கள் லீவு நாள் பார்த்துத்தான் கொண்டாடினோம். அந்த ஆண்டு சரஸ்வதி பூசை அந்த ஒக்டோபரின் முதல் வார இறுதிக்கு அமைந்தது. சனிக்கிழமை அம்மா மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்தை நடுவில் வைத்து, என் கணக்குப் புத்தகம், தங்கையின் தமிழ் அரிச்சுவடி, அப்பா இரண்டு முறை கோட்டைவிட்ட கார் ஓட்டும் சோதனைக்குரிய புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கினார். பிறகு கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளையின்ரை புத்தகத்தையும் எடு. அவளுக்கும் இன்னும் எட்டு வரி கிடக்கெல்லே. படிப்பு எல்லாருக்கும் ஒண்டுதானே. டீச்சரும் நாளைக்குக் கண்டால் சந்தோசப்படுவா.”

எடுத்துக் கொடுத்தது நான். ரூத் எப்போதும் சாமிப் படத் தட்டுக்கு முதுகு காட்டி உட்காருவதை நான் ஏப்ரலிலேயே கவனித்திருந்தேன். கோடையில் ஒருநாள் ஏன் என்று கேட்டும் இருந்தேன். எங்களில் கடவுளுக்கு உருவம் வைப்பதில்லை, உருவத்தின் முன் எங்கள் பொருளை வைப்பதுமில்லை, உங்கள் வீட்டில் நீங்கள் செய்வது உங்கள் வழக்கம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும், அந்த எட்டு வரியும் அவளுக்கு வந்துவிட வேண்டும் என்ற ஆசையில் நான் பேசாமல் தலையணை உறையைக் கழற்றினேன். அம்மா தோல் அட்டையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தார்.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு ரூத்தும் ப்ளாங்காவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அம்மா இரண்டு கையாலும் மேசையைக் காட்டிச் சிரித்தார். ரூத் கோட்டைக் கழற்றவில்லை. அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. அவள் மெதுவாக வந்து, பூவை எடுத்து மற்றப் புத்தகங்களின் பக்கத்தில் மரியாதையாக வைத்து, புத்தகத்தைத் தூக்கித் தன் கைலேஞ்சியால் துடைத்தாள். சந்தனம் போயிற்று. குங்குமம் தோலில் இறங்கியிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரந்தது. ப்ளாங்கா, “அது அப்பாவின்ரை” என்று மட்டும் சொன்னாள்.

நான் அழுதுகொண்டு அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். ரூத் என்னைப் பார்த்து, “இது அன்பால் வந்த பிழை என்று உன் அம்மாவிடம் சொல். உள்ளே எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வா, பாடம் தொடங்குவோம், வேறு மேசையில் இருக்கலாம்” என்றாள். நான் சொன்னேன். அம்மா மறுத்துத் தலையை ஆட்டினார்.

“அவ பெருந்தன்மையில சொல்லுறா. இது அவைக்குத் தீட்டு. வடையே தொடாத பிள்ளை. இந்தக் குசினிக்குள்ள இனி அந்தப் புத்தகத்தைத் திறக்கவிட்டால் அது எனக்குப் பாவம்.” அப்பா, “அவவே கோவிக்கேல்லை, நீர் ஏன்? பிள்ளை படிக்கட்டும் விடும்” என்று சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. ரூத்தின் முன்னால் போய், தனக்குத் தெரிந்த சொற்ப டெனிஷில், கையைக் கூப்பி, “இங்கே நல்லதில்லை. உங்களுக்கு நல்லதில்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரை அம்மா வெளியே அனுப்பியதை நான் அந்த ஒரு முறைதான் கண்டேன். அதை மரியாதை என்று நினைத்தே அவர் செய்தார்.

நான் யன்னலில் நின்று பார்த்தேன். அவர்கள் இருவரும் எதிரே பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கப் பார்த்தார்கள். மேற்குக் கரைக்கேயுரிய மழை, மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ரூத் கோட்டின் ஒரு பக்கத்தை விரித்து மறைத்தாள். ஐந்து நிமிடம்கூட இல்லை, புத்தகம் மறுபடி தலையணை உறைக்குள் போயிற்று. வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ் வந்தது, ரூத் அதில் போனாள். அம்மா குசினியில் வாழைப்பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தார்.

நவம்பரில் பாடம் இல்லை. காம்ப்பின் உடுப்புத் தோய்க்கும் அறையில் வகுப்பு வைக்க எழுத்தில் அனுமதி வேண்டுமென்றார்கள். அது வந்து சேர்ந்தபோது முதல் ஞாயிறு போய்விட்டது. நவம்பர் கடைசியில், சண்டை முடிந்தது என்று டிவியில் சொன்ன கிழமை, காம்ப் அலுவலகத்துக்குச் சரயேவோவிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த நாள் ப்ளாங்கா வகுப்பில் எனக்குச் சொன்னாள். அப்பா முதலில் அழுதாராம், பிறகு, “என்ன, பக்கம் தயாரோ?” என்று கேட்டாராம். அவள் நான்கு வரி வாசித்தாள். அவர் காத்திருந்தார். “மிச்சம் நீங்கள் வந்த பிறகு” என்றாளாம். “அதுவும் நல்லதுதான். நேரில் கேட்கிறேன்” என்றாராம். வசந்தத்தில் வருவார், பத்திரங்கள் கொடுத்தாயிற்று என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அது பட்டியல் போட்டு ஏசுவதைவிட மோசமாக இருந்தது. டிசம்பரிலிருந்து பாடம் அந்தத் தோய்க்கும் அறையில் தொடர்ந்தது; மிச்ச வரிகள் எவ்வளவு தூரம் போயின என்று நான் கேட்கத் துணியவில்லை.

மார்ச்சில், சரயேவோவுக்கு மேலே மேட்டில் இருந்த படைகள் விலகியதும், ப்ளாங்காவின் தகப்பன் அங்கிருந்த பழைய யூத மயானத்துக்குத் தன் தகப்பனின் கல்லறையைப் பார்க்கப் போனார். நான்கு வருடமாக யாரும் போக முடியாத இடம். சண்டை முடிந்துவிட்டது என்றுதான் போனார். நிலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை எவரும் இன்னும் எடுத்திருக்கவில்லை.

செய்தி கிடைத்த ரூத் அந்த முறை ஞாயிறுவரை காத்திருக்கவில்லை, புதன்கிழமையே வந்தாள். நான் சொன்னதும் அம்மா வேலைக்கு அறிவித்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு காம்ப்புக்கு நடந்தார். தோய்க்கும் அறையில் ஒரு இயந்திரம் யாருடையதோ உடுப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. ப்ளாங்காவும் தாயும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். அதே புத்தகம் திறந்திருந்தது, வேறொரு பக்கத்தில். இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லும் வழிபாடு அது, பத்துப் பேர் கூடி நின்றால்தான் அதை முறைப்படி சொல்லலாம் என்று ரூத் எனக்கு விளக்கினாள்.

அம்மா வாசலிலேயே நின்றார். “நாங்கள் மூண்டு பேர் இருக்கிறம். அப்பாவையும் சனிக்கிழமைப் பிள்ளையளின்ரை தாய் தகப்பன்மாரையும் கூப்பிட்டால் பத்துக்கு மேல வரும். நிண்டால் கணக்கில வருமோ எண்டு கேள்.”

நான் கேட்டேன். “கணக்கில் வராது” என்றாள் ரூத். பிறகு, “ஆனால் உள்ளே வந்து நில்லுங்கள்” என்றாள்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த சீமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டி நின்றார். ரூத் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ப்ளாங்கா திருப்பிச் சொன்னாள். முழுப் பக்கத்தையும் சொல்லி முடித்தாள். அன்றைக்கு நேரம் போதியதாக இருந்தது.

ஜூன் மாதம் அவளும் தாயும் கனடாவில் இருந்த உறவினரிடம் போனார்கள். முகவரி தந்தாள், நான் மூன்று கடிதம் எழுதினேன், மூன்றிலும் மன்னிப்புக் கேட்கவில்லை, எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. இரண்டுக்குப் பதில் வந்தது.

இன்று எனக்கு நாற்பத்தொரு வயது, கோப்பன்ஹேகனுக்கு அருகே அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறேன். அந்தச் சிறு நகரத்தில் இப்போது தமிழ்க் குடும்பம் ஒன்றும் இல்லை, சனிக்கிழமை வகுப்பும் இல்லை. காம்ப் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் புல் வெட்டிய வெளி இருக்கிறது. ஒரு பிள்ளைக்காக ரயிலேறி வரும் எவரும் அங்கே இறங்குவதாக நான் கேள்விப்படவில்லை. என் மகள் என்னோடு டெனிஷில்தான் கதைக்கிறாள்; என் அம்மாவோடு மட்டும் தமிழில் முயற்சி செய்வாள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு. எஸ்பியர்க்கில் தங்கையோடு இருக்கிறார். பல பெயர்கள் மறந்துபோகின்றன, ப்ளாங்காவை மறக்கவில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் மருந்து, காலநிலை எல்லாம் கதைத்து முடித்த பிறகு கேட்டார்:

“அந்தப் பிள்ளை மிச்சம் எட்டு வரியையும் படிச்சு முடிச்சிருப்பாளோ?”

“ஓம் அம்மா, முடிச்சிருப்பாள்.”

“ஓம், கெட்டிக்காரி, முடிச்சிருப்பாள்” என்றார் அம்மா. பிறகு, “ஆருக்கு வாசிச்சுக் காட்டினாளோ” என்றார்.